மரை கழண்ட நாள்

"ஹெட் இறக்கி, பிளக் மரை போனதற்குப் புஷ் போட்டது." 1996 ஜூன் மாத மெக்கானிக் சீட்டில் இருப்பது இந்த ஒரே வரி. சீட்டில் உள்ளது பழுது பார்த்த வண்டியைத் திரும்ப எடுத்த நாளின் தேதி. அண்ணனைக் கடைசியாகப் பார்த்தது வண்டியைக் கடையில் விட்ட அன்று.

அண்ணன் கல்லூரியில் கணக்கு சொல்லித் தந்தவன். மனம் குலைந்து, சிகிச்சை முடிந்து மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பியபின் வேலைக்குப் போகவில்லை. ஞாயிறு காலையில் என் ஸ்கூட்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, திரும்ப மாட்டுவதை மட்டும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். தெருவில் அவனுக்கு 'லூஸு' என்று பெயர். ஸ்பேனரைப் பிடித்தபடி அவனே சிரிப்பான்.

"இந்தத் தெருவுல லூஸா இருக்க நான் ஒருத்தன் போதும்டா. இது டைட்டா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு இன்னும் ஒரு சுற்று முடுக்குவான். நான் தடுத்ததில்லை. அவன் சிரிப்பதே அபூர்வம்.

பிளக் மாட்டும் அலுமினிய ஹெட்டின் மரை எவ்வளவு தாங்கும்? ஒரு திங்கட்கிழமை, அவனைப் பின்னால் வைத்துத் திருவான்மியூர் கோயிலுக்குப் போகும்போது, அடையாறு தாண்டியதும் 'டப்'பென்று பிளக் தெறித்து வெளியே வந்தது. இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மெக்கானிக் கடைக்குப் போனோம். வியர்த்துப்போயிருந்த அவனைப் பக்கத்து டீக்கடையில் உட்காரவைத்து, ஒரு டீ சொல்லிவிட்டு வந்தேன்.

மெக்கானிக் பிளக் துளையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும் குரலில் சிரித்தார்.

"மரை கழண்ட கேஸு சார் இது! இன்னா முடுக்கினாலும் நிக்காது."

"சரி பண்ண முடியாதா?"

"ஏன் முடியாது? லேத்துல குடுத்து, தொளைய பெருசாக்கி, உள்ள புஷ்ஷுன்னு ஒரு இரும்பு வளையம் எறக்கி புது மரை போட்டா, முன்ன விட கெட்டியா நிக்கும்."

அவர் வண்டியைத்தான் சொன்னார். புத்தி பிசகியவனைச் சொல்வதும் அதே வார்த்தையில்தான் என்பது எனக்கு உறைத்துத் திரும்பியபோது, டீக்கடை பெஞ்சில் பாதி டீயோடு டம்ளர் மட்டும் இருந்தது.

அன்று பாலவாக்கம் கடற்கரை வரை தேடினேன். பிறகு போலீஸ், ஆஸ்பத்திரிகள், செய்தித்தாளில் அவன் புகைப்படம். எதற்கும் பதில் இல்லை.

பழுது நீங்கிய வண்டியை எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது, சத்தம் கேட்டு அம்மா வெளியே ஓடி வந்தாள். பின்சீட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வரீங்கன்னு நெனச்சேன்டா" என்றாள்.

வண்டியை விற்கும்வரை அந்தப் புஷ் அசையவே இல்லை.

டீக்கடைக்காரர் பின்னொரு நாள் சொன்னார்: "மெக்கானிக் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே உங்க அண்ணன் எழுந்து போய்ட்டாரு சார்." உண்மையைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படிச் சொன்னாரா என்று தெரியவில்லை. அண்ணன் அந்த வார்த்தையைக் கேட்டானா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.