கிணற்றுக்குள் ஒரு கடற்கரை

எழுபதுகளின் தொடக்கத்தில், பழைய கடற்கரையைத் தேடும் ஆய்வுக் குழு ஒன்றில் எனக்கு வரைபடம் வரையும் வேலை. இன்று தொழிற்சாலைகள் நிற்கும் ஒரகடம் பக்கத்துப் பொட்டல்களில் ஒரு யுகத்தில் கடல் இருந்ததாம். அதன் கரை எங்கே ஓடியது என்று கண்டறிய வேண்டும். குழுத் தலைவர் பட்டணத்துப் பேராசிரியர். கடலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அதைத் தாமே தோண்டித் தண்ணீர் ஊற்றியவர் போல ஒரு தோரணை. செருப்பில் சேறு ஒட்டிவிடும் என்று ஜீப்பை விட்டு இறங்காமலேயே ஆராய்ச்சி செய்வார்.

முதல் நாளே ஊர்க்காரர்களைக் கூட்டி, இங்கே கடல் இருந்தது என்று தர்மம் போடுவதுபோல் அறிவித்தார். அங்கே புதுக்கிணறு வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், தங்கள் கிணற்றில் கிளிஞ்சல் பதிந்த கல் வருவதாகச் சொல்லி, வந்து பார்க்கும்படி கூப்பிட்டாள். அவர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. இவர்களுக்கு எந்தக் கல்லும் கிளிஞ்சல்தான் என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் விரலால் காட்டிய இடத்தில் பதினொரு நாள் துளை போட்டோம். செம்மண்ணும் சரளையும்தான் வந்தன. ஒவ்வொரு நாளும் தொழிலாளிகளைத் திட்டினார். தம் விரலை மட்டும் திட்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவரிடம் சொல்லாமல் அந்தக் கிணற்றில் இறங்கினேன். சாம்பல் நிறக் களிப்பாறையில் இலைகளும் சிப்பிகளும் நேற்று அழுத்தியவை போல அச்சாகப் பதிந்திருந்தன. ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றுதான் அவர் செருப்பில் சேறு பட்டது.

வந்ததும் வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். அரசாங்கத்துக்கு எழுதப்போகிறாராம், பதில் வரும்வரை யாரும் கடப்பாரை போடக் கூடாதாம். அந்தப் பெண் கூடையை இறக்கி வைத்தாள்.

"நாத்து காயுது சார். உனுக்கு இன்னா வேணுமோ பேத்து எட்த்துக்கினு போ. எங்களுக்குத் தண்ணி வேணும்."

அவளுக்கு அறிவியல் புரியாது என்று அவர் இரைந்தார். அவள் கூடையை மறுபடி எடுத்துக்கொண்டாள். அச்சுப் பதிந்த நல்ல கற்பலகைகளாக நாலைந்தைப் பெயர்த்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, அவள் புருஷனும் மைத்துனனும் மீண்டும் உள்ளே இறங்கினார்கள். மறுவாரம் ஊற்று கண்டது. நாற்று பிழைத்தது.

அறிக்கைக்கான படத்தில் கிணற்றுக்காரர் பெயரைச் சின்னதாக எழுதியிருந்தேன். பேராசிரியர் அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். தாம் கண்டுபிடித்த இடம் என்று போடச் சொன்னார். பிளேடை எடுத்துச் சுரண்டினேன். தாள் கிழியாமல் சுரண்டத் தெரிந்தவன் என்று எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு.

பிறகு ஒரு கருத்தரங்கில் அவரிடம், எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று யாரோ கேட்டார்கள். தெரியாமல் என் முகத்தைப் பார்த்தார். நான் எழுந்து ஆழத்தைச் சொன்னேன். யாருடைய கிணறு என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதரை நினைத்தால் இன்றும் எனக்கு இளக்காரம்தான். என்னை நினைத்தால் அந்த அளவு மரியாதைகூட வருவதில்லை.