கரும்பு டிராக்டரைப் பிடிக்காதவள்

சுண்ணாம்புக்கல் தூசி பல்லிடுக்கில் நறநறவென்று அரைபடும். எத்தனை துப்பினாலும் போகாது, காலையில் தின்ற பழைய சோறு குமட்டிக்கொண்டு வரும். அரியலூர் சாலையில் சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க என் வாயில் இருந்த ருசி அதுதான். அதை இனிய நினைவு என்று சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கக் கற்ற முதல் ஆள் நான். பத்தாவது முடித்து, "கணக்கு குரூப்" எடுக்கப் போகிறேன் என்றபோது, கல் சுரங்கத்தில் கூலிக்கு இருந்த அப்பா, அதை லாரி ஷெட்டில் கணக்கு எழுதும் வேலை என்று நினைத்துக்கொண்டார். "கணக்கு எழுதறதுக்கா டவுனுக்குப் போவணும்?" என்றார். அது வேறு கணக்கு, பக்கத்துப் பள்ளியில் அந்தப் பிரிவே இல்லை என்று நான் மன்றாடியதில், ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்: "போ. ஆனா ஒரு நாளு வூட்டுல வந்து 'முடியல'ன்னு சொன்னே, மறுநாளே அக்காகூட பருத்தி எடுக்கப் போயிடணும்."

தை மாதத்தில் அந்தச் சாலையில் கரும்பு டிராக்டர்கள் ஆலைக்கு ஊர்ந்து போகும். சைக்கிளில் வரும் பிள்ளைகள் டிரெய்லரின் பின்பலகையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, மிதிக்காமலே மேடு ஏறிவிடுவார்கள். அதைத் "தொத்திக்கிட்டுப் போறது" என்போம். என் வகுப்புச் செல்வி அப்படியே போய்ப் பள்ளி வாசலில் காத்திருப்பாள். "ஏண்டி, நீ வர்றதுக்குள்ள நான் காலேஜே முடிச்சிருப்பேன்" என்பாள்.

ஒருநாள் எதிர்காற்றில் தொடை நடுங்க, நானும் கையை நீட்டிவிட்டேன். கரும்புக் கட்டின்மேல் உட்கார்ந்திருந்தவன் வெற்றிலைச் சாற்றைப் புளிச்சென்று துப்பிவிட்டு, "புடிச்சிக்க பாப்பா, சும்மா வுக்காந்துக்க, நாங்க இழுத்துக்கிட்டுப் போறோம்" என்று இளித்தான். அவன் துப்பியதைவிட "இழுத்துக்கிட்டு" என்ற சொல்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டேன். வலியை மறக்க, முந்தின நாள் கரும்பலகையில் பாதியில் நின்ற கணக்கை மனசுக்குள் போட்டேன். மேடு முடிவதற்குள் விடை கிடைத்தது. பிறகு ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கால் கெஞ்சக் கெஞ்ச மூளை தெளிந்தது. வீடு திரும்பியதும் அம்மா காலுக்கு எண்ணெய் தேய்ப்பாள், அப்பா ஓரக்கண்ணால் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு" என்பேன்.

இன்று பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிறேன். முதல் மாடிக்குப் போக லிஃப்ட் முன்னால் காத்துக்கிடக்கின்றன இளம் கால்கள். நான் கேள்வியை எழுதி முடிப்பதற்குள் போனில் படம் பிடித்து, "ஆன்சர் வந்துடுச்சு மேம்" என்கிறார்கள். தபால் வந்த மாதிரி வந்துவிட்டதாம். நீ போட்டாயா என்றால் போனைத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அக்கா மகள் நான் படித்த அதே பிரிவில் சேர்ந்திருந்தாள், போய்வர ஸ்கூட்டி வேறு. "கஷ்டமா இருக்கு சித்தி, வேற குரூப்பு மாறிட்டேன்" என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"வுடும்மா. புள்ள எதுக்கு மூளையப் போட்டுக் கசக்கிக்கணும்? நாமதான் கஷ்டப்பட்டுட்டோம்ல."

எனக்கு நிபந்தனை போட்ட மனிதர் அந்த வீட்டில் இல்லை. அம்மா வைத்த தட்டை அப்படியே விட்டு எழுந்தேன். "இரும்மா, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் பாப்பா வண்டியில கொண்டுபோயி வுடும்" என்றார் அப்பா. வேண்டாம் என்று வெயிலில் இறங்கி நடந்தேன். மெயின் ரோடு வரைக்கும் ஒரு சைக்கிள்கூட எதிரே வரவில்லை.