நிலாவில் விட்டுவந்த மதாம் பெரோ

ஒக்தாவ் ரெமி நிலவறையில் குந்தியபடி தண்ணீர் மீட்டரின் கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்கிறார். எண்ணைக் குறித்த பிறகும் எழுந்துவிடுவதில்லை. "மதாம், நாளைக்கே வேற கிரகத்துக்குக் குடிபோகணும்னா எதை விட்டுட்டுப் போவீங்க?" என்று படிக்கட்டை அண்ணாந்து பார்த்துக் கேட்கிறார். பிரான்சின் பெசான்சோன் நகரில் இந்தக் கேள்விக்குத் தப்பிய வீடு குறைவு. "என் வீட்டுக்காரரோட டிரம்பெட்டை!" என்று ரொட்டிக்கடைக்காரரின் மனைவி மேலிருந்து கத்தினார். அதையும் எழுதிக்கொண்டார்.

பகலில் மீட்டர், மாலையில் நாவல். இதுவரை பத்தொன்பது விண்வெளிக் கதைகள், எல்லாம் கோட்டுப் பையில் அடங்குபவை. அவருடைய ராக்கெட்டுகளில் தளபதியைவிடக் குழாய் ரிப்பேர்காரருக்குத்தான் மதிப்பு. "மனுஷன் எங்க போனாலும் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும்?" என்பார். பாரிஸுக்கு ஒரே ஒருமுறை போனார். பதிப்பாளர் அலுவலகத்திலும் மீட்டர் எங்கே இருக்கிறது என்று விசாரித்தாராம்.

பத்தொன்பதாவது நாவல் சென்ற வசந்தத்தில் வந்தது. அதன் பிறகு மீட்டர் பார்க்க மதாம் பெரோவின் வீட்டுக்குப் போனபோது கதவு பாதிதான் திறந்தது. அவர் கணவரை இழந்தவர்; ஒரே மகன் கனடாவில். கையில் அந்தப் புத்தகம்.

"சனிக்கோளோட நிலாவுல இருக்கிற கிழவி நான்தானே? நீலக் கெட்டில், நொண்டிப் பூனை, எல்லாம் என்னோடது."

"ஆமா மதாம்."

"இடம் பத்தலைன்னு என்னை மட்டும் விட்டுட்டுக் கப்பல் கிளம்பிடுது. பூனையைக்கூட ஏத்திக்கிட்டீங்களே! எப்படி மனசு வந்துச்சு, முசியே ரெமி?"

அந்த முடிவை எழுதிவிட்டு உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு மகிழ்ந்தவர் ரெமி. மெல்லத் தொப்பியைக் கழற்றினார். "கடைசியில ஒரு வெள்ளைத் தாள் இருக்கும். புத்தகத்தைக் கொடுங்க."

சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினார். காப்பி ஆறிப்போனது. மதாம் பெரோ தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"யாரு திரும்பி வர்றது?"

"குழாய்க்காரன். கப்பலைத் திருப்பினாத்தான் ஆச்சுன்னு அடம்பிடிக்கிறான்."

"வரட்டும். ஆனா நான் உடனே ஏற மாட்டேன். கொஞ்சம் கெஞ்சட்டும்."

ரெமி அவனை அரைப் பக்கம் கெஞ்சவைத்தார்.

சனிக்கிழமை ரயில் நிலையப் புத்தகக் கடையில் விற்பனைப் பெண் ஜிசேல் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். "என்ன முசியே, விக்கிற புத்தகத்துல கிறுக்கிட்டு இருக்கீங்க?"

"கிறுக்கலைம்மா. ஒரு அம்மாவை விட்டுட்டு வந்துட்டேன், கூட்டிட்டு வரணும்."

அலமாரியில் இன்னும் ஏழு பிரதிகள் இருந்தன. அவர் ஒரு பழைய பத்திரிகைக் கட்டை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். அடுத்த பிரதியின் கடைசித் தாளைப் புரட்டினார்.