தங்கச்சியின் பிராக்கு

போன வருடம் மாசி மாதம், சண்டிலிப்பாயிலிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாண நகரத்தில் ஒரு மனநல கிளினிக்குக்குப் போனேன். வருத்தம் எனக்கில்லை, கொழும்புத்துறையில் கலியாணம் முடித்திருக்கும் என் தங்கச்சிக்கு. அதற்குக் கொஞ்ச நாளைக்கு முன், அடுப்பில் எண்ணெய்ச் சட்டியை வைத்துவிட்டு உடுப்புக் காயப்போடப் போனவள், அப்படியே மதிலோரம் நின்று கதைத்திருக்கிறாள். குசினி பற்றிக்கொண்டது. உள்ளே அவளுடைய குழந்தை நித்திரை. அயலவர் ஓடிவந்து தூக்கியதால் பிள்ளை தப்பியது. அந்தப் பயத்தில்தான் டாக்டரிடம் போனாள்.

ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடாக இருக்கலாம் என்றாராம் டாக்டர். ஆனால் சின்ன வயதிலேயே இருந்ததா என்று தெரிய வேண்டும், அப்போது கூட இருந்த யாரையாவது கூட்டி வாருங்கள் என்றும் சொன்னாராம். முதலில் அம்மாவைத்தான் கேட்டாள். "என்ரை பிள்ளைக்கு என்ன விசரோ? சின்னனிலை அவள் தங்கமெல்லே!" என்று அம்மா சீறி விழுந்தார். அதனால் நான் போக வேண்டியதாயிற்று.

உண்மையைச் சொன்னால், எனக்கு அவள்மேல் வயிற்றெரிச்சல். இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. வாய் பார்த்து நின்று வந்த வேலையை மறப்பதை எங்கள் ஊரில் 'பிராக்கு' என்போம். அவள் பிராக்குப் பார்த்தால் வீடே சிரிக்கும். அவள் மறந்ததைச் செய்து முடிப்பது நான். ஒன்றையும் மறக்காத என்னை யாரும் ஒரு நாளும் மெச்சியதில்லை. இப்போது அந்தப் பிராக்குக்கும் ஒரு பெயர், ஒரு டாக்டர்! விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுகிறார்கள் என்று பஸ் முழுக்கப் பொருமிக்கொண்டு போனேன்.

டாக்டர் என்னைவிட இளைய பெண். தங்கச்சியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு, "இவ சின்னனிலை எப்பிடி இருந்தவ? சொல்லுங்கோ" என்றார்.

விடுவேனா? மருதனார்மடம் சந்தைக்குச் சைக்கிளில் கத்தரிக்காய் வாங்கப் போனவள், கோயிலடியில் மேளக் கச்சேரி பார்த்துவிட்டு, கத்தரிக்காயும் இல்லாமல் சைக்கிளும் இல்லாமல் நடந்து வந்ததைச் சொன்னேன். அந்தச் சைக்கிளை எடுத்துவர வெயிலில் என்னைத்தான் அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். கணக்குச் சோதனையில் தாளின் மறுபக்கத்தைத் திருப்பாமலே எழும்பி வந்தது, பாதிச் சாப்பாட்டில் ஓடுவது, மற்றவரைக் கதைத்து முடிக்க விடாதது, எல்லாம் வந்தன. கோள் சொல்கிற பிள்ளை மாதிரித்தான் அடுக்கினேன். எந்த வகுப்பில் நடந்தது என்பதுகூட எனக்கு மறக்கவில்லை.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேணுமெண்டு செய்யிறவ எண்டு நினைக்கிறியளோ?" என்றார்.

'ஓம்' என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கணக்குச் சோதனை நினைவுக்கு வந்தது. மறுபக்கத்தில் இருந்த கணக்கெல்லாம் அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சோதனைப் புள்ளி வந்த அன்று கிணற்றடியில் ஒளிந்து நின்று, தன் தலையில் தானே குட்டிக் குட்டி அழுதாள். அதையும் நான் மட்டும்தான் பார்த்தேன்.

"இல்லை. அவளாலை ஏலாது" என்றேன். தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தாள். "அக்கா, அம்மாக்குக்கூட என்னைப்பற்றி உவ்வளவு தெரியாது. என்னிலை உனக்கு உவ்வளவு பட்சமோ?"

"வா, பஸ் போயிடும்" என்றேன்.

இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்த பிறகு, கவனக் குறைபாடுதான் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். இப்போது மருந்து எடுக்கிறாள், அடுப்பு மூட்டினால் போனில் மணி வைக்கிறாள். அம்மா "பாவம் என்ரை பிள்ளை" என்று பயற்றம் பணியாரம் சுட்டு அனுப்புகிறார். சுமந்துகொண்டு போவது நான்தான். எரிச்சல் வராமல் இல்லை. என்றாலும், பாசத்தோடு பார்த்த அம்மாவின் கண்ணுக்குத் தெரியாமல் போன அவளுடைய கஷ்டம், வயிறெரிந்து பார்த்த என் கண்ணில் பட்டிருக்கிறது என்று நினைக்கும்போது, என் பொறாமையை முழுக்கத் திட்டித் தீர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.