அரளிச் செடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் குதிரை

போன வருடம் ஆவணி மாதம், எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் ரொம்ப காலம் பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தவள். ஒருநாள் பக்கத்து ஷெட் வெடித்துச் சிதறியது. என் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதற்கப்புறம் அடுக்களையில் தட்டு விழுந்தாலே உடம்பு உதறும். காலையில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தால் அழுகை வரும். வேலையை விட்டுவிட்டேன்.

வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனசு அதையே சுற்றுகிறது என்று கொல்லையில் பட்டாம்பூச்சிகளுக்காகச் செடி வைக்க ஆரம்பித்தேன். சத்தமே போடாத உயிர் அல்லவா? ஒரு வகைப் பட்டாம்பூச்சி அரளியில்தான் முட்டையிடும், அதன் கூடு வெள்ளி மாதிரி மின்னும் என்று செல்போனில் பார்த்து, வேலியோரம் அரளி நட்டேன். சொன்ன மாதிரியே இலைக்கு அடியில் பளபளவென்று கூடுகள் தொங்கின.

வேலிக்கு அந்தப் பக்கம் காலி இடம். அதில் அடுத்த தெரு அண்ணன் ஒருவர் வெள்ளைக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரையை வாடகைக்கு விடுவது அவர் தொழில். இது புதிதாக வாங்கியது. வெடிச் சத்தத்துக்கு இன்னும் பழகவில்லை. அரளி விஷம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். நடுவில் வேலி இருக்கிறதே என்று இருந்தோம்.

அன்று மத்தியானம் தெருவில் யாரோ புதுவீட்டு விசேஷத்துக்குச் சரவெடி போட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டேன். கொல்லையில் வேலி முறிகிற சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அறுந்த கயிற்றோடு குதிரை என் செடிகளுக்கு நடுவே நிற்கிறது. அதற்கு உடம்பெல்லாம் நடுக்கம். வாய்க்கு நேராக அரளிக் கிளை.

குதிரைக்குப் பக்கத்தில் நான் அதுவரை போனதே இல்லை. எப்படி வெளியே வந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அது ஒரு இலையைக் கவ்வியிருந்தது. விரலை விட்டு அதைப் பிடுங்கி எறிந்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன், அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அடுத்த சரம் வெடித்தது. குதிரை கண்ணை உருட்டியது. நான் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். எந்த நடுக்கம் யாருடையது என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்லத்தா, முடிஞ்சிரும்... இந்தா முடிஞ்சிரும்."

என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்கிற வார்த்தை, என் வாயிலிருந்து வந்தது. குதிரை மெல்ல ஒரு அடி வைத்தது. அப்புறம் என்னோடு நடந்து வந்தது.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் உடனே செல்போனை எடுத்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து, சாயங்காலம் வரை கூடவே இருந்து பார்த்தார். நல்லவேளை, எதுவும் உள்ளே போகவில்லை. அரளியின் காய்ந்த சருகும் விஷம்தான், காற்றில் பறந்து தீவனத்தில் விழுந்தாலும் ஆபத்து என்றார். நான் உடனே அரிவாளை எடுத்தேன். அண்ணன் தடுத்தார்.

"வெட்டாதீக தங்கச்சி. கூடு அம்புட்டும் தொங்குதுல்ல? எல்லாம் பறந்து போகட்டும். அதுவரைக்கும் குதிரைய எங்க மச்சான் தோட்டத்துல கட்டிக்கிடுதேன்."

"உங்களுக்கு எதுக்குண்ணே அந்த அலைச்சல்?"

"நீங்க அம்புட்டுப் பயத்தோட அது பக்கத்துல போயி நின்னீகள்ல? நான் நாலு எட்டு நடந்தா என்ன?"

சொன்னபடியே தினமும் ஊருக்கு வெளியே நடந்துபோய்த் தீவனம் வைத்தார். கடைசிக் கூடும் உடைந்து, கறுப்புச் சிறகு காய்ந்து பறந்த பிறகுதான் இருவருமாக அரளியை வேரோடு பிடுங்கி, ஒரு சருகு விடாமல் பொறுக்கி, ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம். டாக்டரிடம் கேட்டு, குதிரைக்குக் கெடுதல் இல்லாத கேந்தி, செம்பருத்தி, ஜினியா என்று பூச்செடிகள் வைத்தோம். வேலியையும் கொஞ்சம் தள்ளிப் பலமாகப் போட்டோம். குதிரை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. இப்போது வேறு நிறத்தில் பட்டாம்பூச்சிகள் வருகின்றன.

எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் வெடிச் சத்தம் கேட்டால் இப்போது மூலையைத் தேடுவதில்லை. நேராகக் குதிரையிடம் போய்விடுகிறேன். பயந்து நிற்கிற ஒரு உயிருக்குத் துணையாக நிற்க, முதலில் நம் பயம் போயிருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை என்பது, அந்த மத்தியானத்துக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது.