எந்த மிருகத்தின் பசை?

பொன்னேரி மாதர் சங்கத்தில் வகுப்பு ஆரம்பிக்கிறார்கள், ஊசியும் நூலும் கொண்டு வரவேண்டும் என்று சொன்னார்கள். தையல் வகுப்பு என்று நினைத்துத்தான் போய்ச் சேர்ந்தேன். ஊசி நூல் என்றால் வேறு என்ன நினைப்பதாம்? ரவிக்கைத் துணிகூட ஒன்று மடித்து எடுத்துப் போயிருந்தேன். அங்கே மேஜைமேல் பழைய பள்ளிக்கூடப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. சொல்லிக்கொடுக்க வந்தவர் என் கையில் ஒன்றைக் கொடுத்து, "அட்டையைப் பிச்சு எடுங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள் நான். பிய்க்கச் சொல்கிறாரே, இது என்ன படிப்பு?

அவர் பட்டணத்தில் ஒரு அச்சகத்தில் புத்தகம் கட்டும் பகுதியில் வேலை பார்த்தவர். எங்கள் எல்லோரையும்விட வயதில் சின்னவர். வாரத்தில் இரண்டு நாள் ரயிலேறி வருவார். பெண்கள் முகத்தைப் பார்த்துப் பேசக் கூச்சப்பட்டு மேஜையைப் பார்த்தே பேசுவார். நாங்களும் மரியாதைக்கு "சார்" என்றே கூப்பிட்டோம். முதலில் பக்கவாட்டில் துளை போட்டு ஒரே இழுப்பாகத் தைத்து, மைதா காய்ச்சிய பசையால் அட்டை ஒட்டச் சொல்லிக்கொடுத்தார். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் துளி மயில்துத்தம் சேர்ப்போம். அது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. இவ்வளவுதானா என்று கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அது படிந்து வரும் நேரத்தில் அவர் வேறொன்றை ஆரம்பித்தார். தாள்களைக் கட்டுக் கட்டாக மடித்து, ஒவ்வொரு கட்டையும் நாடாவோடு சேர்த்து நடுமடிப்பில் தைக்க வேண்டுமாம். தைத்த புத்தகத்தின் முதுகைச் சுத்தியலால் தட்டி உருட்ட வேண்டுமாம்.

"அப்ப இத்தினி நாளா கத்துக்கினது இன்னா சார்?" என்றேன்.

"அது பழைய முறைம்மா. தெரிஞ்சு வெச்சுக்கணும். செய்யக்கூடாது."

செய்யக்கூடாததை எதற்கு அவ்வளவு நாள் சொல்லிக்கொடுத்தீர் என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் பக்கத்தில் உட்காருபவள் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். என்னை அக்கா என்பாள். கல்யாணமான சில வருஷத்திலேயே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பொன்னேரியில் கடை வைத்திருந்த அண்ணன் வீட்டில் இருந்தாள். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்குக்கூட அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் கெட்டவர் இல்லை. வகுப்பு முடிவில் வைக்கும் பரீட்சையில் தேறிச் சர்டிபிகேட் வாங்கிவிட்டால், அவர்கள் பிள்ளைகள் ஓதும் மதரஸாவின் கிழிந்த புத்தகங்களையெல்லாம் வாங்கித் தருவதாகவும், வீட்டிலிருந்தபடியே கட்டிச் சம்பாதித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வகுப்பு பொழுதுபோக்கு. அவளுக்கு அது பிழைப்பு. அவள் தையல் போடுவதைப் பார்த்தாலே அது தெரியும். நூலை இழுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

உருட்டிய முதுகு அப்படியே நிற்க வேண்டுமென்றால் மைதா போதாது, வச்சிரம் பூச வேண்டும் என்றார் சார். தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சுவார்களே, பழுப்பு நிறத்தில் பலகை பலகையாக இருக்கும், அதுதான். ஊறவைத்த வச்சிரத்தை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவைக் கொதிக்கும் வெந்நீருக்குள் வைத்தார். கூடம் முழுக்க ஒரு வாடை எழுந்தது. எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்தினோம்.

"சார், இது இன்னாத்துல செய்யறது?" என்று கேட்டது அவள்தான்.

"தோலு, எலும்பு எல்லாம் போட்டுக் காய்ச்சறதும்மா."

"இன்னா தோலு?"

"மாட்டுத் தோலா இருக்கும்" என்றார் மேஜையைப் பார்த்து. நான் முக்காலியைச் சரேலென்று பின்னால் தள்ளினேன். நாங்கள் ஆடு கோழி சாப்பிடுகிறவர்கள்தான். ஆனால் மாட்டுப் பொங்கலன்று எந்த மாட்டுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடுகிறேனோ அதைக் காய்ச்சிக் கையில் பூசிக்கொள்ள என்னால் முடியுமா? அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பயந்துபோய், "மாடு இல்லம்மா, மாடு இல்ல" என்றார்.

இப்போது அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "மாடு இல்லன்னா? பின்ன இன்னாது?"

அவர் மறுபடி மேஜையைப் பார்த்தார். அவள் எதை நினைத்துக் கேட்டாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பன்றி என்ற சொல்லைக்கூட அவள் வாயால் சொல்லமாட்டாள். நான் மாடோ என்று பயந்தேன், அவள் மாடில்லையோ என்று பயந்தாள். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் விலகி உட்கார்ந்திருந்தோம். சிரிப்பு வரவேண்டிய சங்கதிதான். அன்று யாருக்கும் வரவில்லை.

கடையில் விசாரித்து வருவதாகச் சொல்லிவிட்டு சார் ரயிலேறினார். மறுபடி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. பட்டணத்துக் கடைக்காரரிடம் இது எந்த மிருகம் என்று கேட்டாராம். "கேக்கறது யாரு, இந்துவா முஸ்லீமா? அத்த மொதல்ல சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்" என்றாராம் கடைக்காரர். பாவம், மழுப்பத் தெரியாமல் அதை அப்படியே எங்களிடம் வந்து ஒப்பித்தார். எனக்கு அவர்மேல் கோபப்படுவதா, கடைக்காரர்மேல் கோபப்படுவதா, இதையெல்லாம் யோசிக்காமல் இத்தனை வருஷம் இருந்த என்மேலேயே கோபப்படுவதா என்று விளங்கவில்லை.

அதற்குள் அவள் புடவையில் ஒட்டிய வாடையை அண்ணி மோந்துவிட்டாள். சங்கதி அண்ணன் காதுக்குப் போனது. அது என்ன என்று தெரிகிற வரைக்கும் வகுப்புக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டணத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து பரீட்சை வைக்கப் போகும் சமயம் அது. எதிரில் உட்கார்ந்து முதுகு உருட்டி, வச்சிரம் பூசிக் காட்டினால்தான் சர்டிபிகேட். பக்கத்து முக்காலி காலியாகவே கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வேலையே ஓடவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள், கை பழகட்டும் என்று மாமனாரின் புராணப் புத்தகத்தை எடுத்தேன். தினமும் விளக்கேற்றியதும் அவர் உரக்கப் படிக்கிற புத்தகம். முதுகுத் துணி விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. நானே கட்டித் தருகிறேன் என்று ஏற்கெனவே அவரிடம் கேட்டு வாங்கிவைத்திருந்தேன். மேலே இருந்த சந்தனப் பொட்டையும் காய்ந்த பூவையும் எடுத்துவிட்டுத் துணியை உரித்தேன். உள்ளே வெல்லப்பாகு காய்ந்து உடைந்த மாதிரி பழுப்பாகச் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். அதே வாடை.

ஓடிப்போய்க் கை கழுவினேன். கழுவிக்கொண்டிருக்கும்போதே, எதற்கு இப்போது கழுவுகிறேன் என்று தோன்றியது. இத்தனை வருஷமாக இதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அதே கையோடு போய்ச் சமைத்தவள்தானே நான்? அப்படியென்றால் புத்தகம் தீட்டா, நான் தீட்டா, இல்லை தீட்டென்பதே நாமாக நினைத்துக்கொள்வதா? யாரைக் கேட்பது? மாமனாரைக் கேட்டால் அன்று ராத்திரி அவர் சாப்பிடமாட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஈரக்கையோடு தெருவில் இறங்கி அவள் வீட்டுக்கு நடந்தேன்.

நான் சொன்னதை அவள் முழுக்கக் கேட்டாள். எழுந்து உள்ளே போய்க் கைகால் முகம் கழுவித் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய கிதாபு ஒன்றைக் கொண்டுவந்தாள். அவர்கள் வீட்டில் காலங்காலமாக வைத்து ஓதுகிற புத்தகம். அவளுடைய வாப்பா பட்டணத்தில் கொடுத்துக் கட்டி வாங்கி வந்தது. அதற்கும் முதுகு விட்டிருந்தது. நான் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். கத்தி முனையால் மெதுவாகத் துணியைத் தூக்கினாள். பழுப்புச் சில்லு அவள் மடியில் உதிர்ந்தது. முகர்ந்து பார்க்கக்கூட இல்லை.

அந்த நேரம் பார்த்து அண்ணன் சாப்பாட்டுக்கு வந்தார். "இன்னாம்மா இது, கிதாப்பப் பிரிச்சுப் போட்டுக்கினு?" என்றார்.

"அங்க டப்பாவுல காய்ச்சறாங்களே, அதாண்ணே இது" என்று மடியைக் காட்டினாள்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றார். "அதுவேதான்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுண்ணே. இது இன்னா மிருகம்னு எனுக்கும் தெரியாது, உனுக்கும் தெரியாது. விக்கறவனே சொல்ல மாட்டேங்கறான்." மடியில் கிடந்த சில்லை விரலால் தொட்டுக் காட்டினாள். "வாப்பா இத்த மடில வெச்சுக்கினு ஓதினாரு. நீ ஓதின. நானும் தெனம் தொட்டு ஓதினேன். அப்பல்லாம் யாரும் ஒரு வார்த்தை கேக்கல. நான் என் கையால நாலு காசு பாக்கலாம்னு போனா மட்டும் இது இன்னான்னு எல்லாருக்கும் தெரிஞ்சே ஆவணுமா?"

அவர் கோபப்படுவார் என்று எழுந்து நின்றுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. குனிந்து அந்தச் சில்லுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வீட்டில் எப்படி முழித்தேனோ அப்படித்தான் அவரும் முழித்தார். நியாயம் எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியவில்லை. யாராவது தெரிந்தவர்கள் வந்து எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னால் தேவலை என்றிருந்தது.

"மைதால கட்டினா நிக்காதா?" என்றார் கடைசியில்.

"நிக்கும். ஆனா பரீச்சைல ஒத்துக்க மாட்டாங்க."

"அங்க அவங்க சொல்றாப்பல கட்டு. இத்த மட்டும் ஊட்டுல மைதால கட்டிக் குடு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "பரீச்சை என்னிக்கு?" என்று கேட்டார்.

அவ்வளவு நேரம் தடுமாறாமல் பேசியவள் அப்போதுதான் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவளால் சொல்ல முடியாமல் நான்தான் சொன்னேன். "நாளைக்கு."

"நாளைக்கா?" அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இன்னும் இன்னாத்துக்கு ரெண்டு பேரும் இங்க அழுதுக்கினு கீறீங்க? போய் ஊசிய எடுங்க."