பத்தியில் இருப்பதை மட்டும் எழுதவும்

கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு தொல்லை உண்டு: வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையைக்கூட ‘இதற்கு ஆதாரம் எங்கே?’ என்று தேடிக்கொண்டேதான் படிக்க வரும். இதே தொழிலில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு எடுக்கிறேன். அரசு வேலைக்குத் தேர்வு எழுதுகிறவர்கள் வருவார்கள். எல்லோரும் குடும்பம், பிழைப்பு என்று இருக்கும் பெரியவர்கள். தேர்வில் ஒரு கேள்விக்கு இரண்டு பத்திகளைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றைப் படித்து, அவற்றில் உள்ள செய்தியை மட்டும் ஆதாரமாக வைத்து ஒரு தகவல் கட்டுரை எழுத வேண்டும். சொந்தக் கருத்து கூடாது, சொந்த அனுபவம் கூடாது. கேட்க எளிதாகத்தான் இருக்கும். நம் ஜனங்களிடம் ‘உனக்குத் தெரிந்ததைச் சொல்லாதே’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

வருகிறவர்களில், பக்கத்துக் கிராமமான மானாம்பதியிலிருந்து வரும் கோமதிக்கு மட்டும் இது கடைசித் தடவை. மற்ற பகுதிகளில் தேறிவிடுவாள், கட்டுரையில்தான் ஒவ்வொரு முறையும் கவிழ்வாள். அவள் படிக்க வேண்டும் என்று மாடுகளையும் அடுப்பையும் மாமியார் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாரம் இவளுக்கு உறுத்தியது. “இந்த வாட்டியும் போச்சுன்னா புக்க மூட்ட கட்டிட்டு கயனிக்கே போயிடறேன்” என்று அவளே வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

குடவோலை இல்லாமல் கொசுவா?

டில்லிபாபு மருந்துக்கடையில் வேலை செய்கிறவன். கொசு ஒழிப்பு பற்றி இரண்டு பத்திகள் கொடுத்திருந்தேன். அவன் கட்டுரை இப்படித் தொடங்கியது: “ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடவோலை முறையால் உலகுக்கு மக்களாட்சியைக் கற்றுத்தந்த எங்கள் ஊரில் இன்று கொசு அதிகம்.” முந்தின வாரம் வாழைப்பழத்தின் சத்துகள் பற்றி எழுதச் சொன்னபோதும் குடத்தை இறக்காமல் பழத்தைத் தொடவில்லை. டில்லி மட்டும் என்றில்லை. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு.

“பத்தியில் குடவோலை எங்கேப்பா இருக்கிறது?” என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை.

“மேடம், ஊருக்குன்னு ஒரு பேரு கீது. அத்த வுட்டுட்டு கொசுவ பத்தி மட்டும் எழுதுனா, நாள பின்ன கல்வெட்டுக் கோயிலாண்ட நான் எப்டி நடக்கறது?”

ஆளுக்கொரு வேளை

சீனிவாசன் கோயில் அலுவலகத்தில் இருக்கிறார். அப்பா காலத்திலிருந்தே குடும்பம் கோயில் சேவையில் இருப்பது. நிதானமான மனிதர், கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அன்றைக்குச் சிறுதானியம் பற்றி எழுத வேண்டும். சிறு விவசாயிக்கு அது ஏற்றது என்றது முதல் பத்தி. விளைச்சல் குறைவு, கட்டுப்படியாகாது என்றது இரண்டாம் பத்தி. எது எதைச் சொல்கிறது, என்ன காரணம் காட்டுகிறது என்று பிரித்து எழுத வேண்டும், அவ்வளவுதான்.

அவர் எழுதியிருந்தது: “இரண்டு பத்திகளும் கூறுவது சரியே. இருவரும் விட்டுக்கொடுத்துப் போவது நல்லது.” இது கட்டுரை இல்லை, பஞ்சாயத்து என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

“உற்சவத்துல ஒரே நாளுக்கு ரெண்டு உபயதாரர் வந்து நின்னா, உங்களுக்குத்தான் உரிமைன்னு ஒருத்தரைப் பார்த்து நான் சொல்லவே மாட்டேன் மேடம். காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர்னு பிரிச்சுக் குடுத்துடுவேன். பழகிடுச்சு.”

ஆதாரம்: மாமனார்

கோமதியின் சிக்கல் வேறு. ஏரிப் பாசனம் பற்றிய பத்தி ஒன்று, மதகைத் திறந்தால் பக்கத்து வயல்களுக்கே முதலில் தண்ணீர் போகும் என்று சொன்னது. அவள் எடுத்த எடுப்பிலேயே எழுதினாள்: “பத்தியில் உள்ளது தவறு. தண்ணீர் குறைந்த வருடத்தில் கடைமடைக்குத்தான் முதலில் விடுவோம். ஆதாரம்: என் மாமனார்.” சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பாதி மார்க்கைக் குறைத்தேன். உன் ஊரில் அது உண்மையாக இருக்கலாம், திருத்துகிறவருக்கு உன் மாமனாரைத் தெரியாதே என்று விளக்கினேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தேர்வு நெருங்கிவிட்டிருந்தது. எத்தனை தடவை எழுதினாலும் கை தானாகவே தன் ஊருக்குப் போய்விடுகிறது என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

“தெரிஞ்சத எழுதுனா மார்க்கு போவுது, தெரியாத மாரி எழுதுனா மார்க்கு வருது. இது இன்னா மேடம் நியாயம்?”

எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினேன்.

நடுவில் நிற்கிறவள்

அடுத்த வாரம் வேறு வழியில் முயன்றேன். “நீ ஒத்துக்கொள்ள வேண்டாம் கோமதி. இது யார் சொன்னது என்று மட்டும் சொல்லிவிடு. ‘முதல் பத்தியின்படி’ என்று ஆரம்பி. அப்புறம் அது அவர்கள் பாடு” என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டுப் பத்தியை இன்னொரு முறை படித்தாள். பிறகு முகம் தெளிந்தது. அன்று எழுதிய கட்டுரையில் நான் சிவப்பு மை வைக்க இடமே இல்லை. எப்படி வந்தது இந்தத் திடீர் ஞானம் என்று கேட்டேன்.

“எங்க வூட்ல மாமாவும் அத்தையும் நேருக்கு நேர் பேசிக்க மாட்டாங்க மேடம். நடுவுல நாந்தான். ‘மாமா இப்டி சொல்றாரு’, ‘அத்தை இப்டி சொல்றாங்க’. என் வாயால ஒரு வார்த்த சேத்தேன்னு வெச்சுக்கோங்க, வூடு ரெண்டாயிடும். இதுவும் அதானே?”

இவ்வளவு நாள் நான் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியதெல்லாம் வீண் என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டாம் பத்தி

தேர்வு காஞ்சிபுரத்தில் நடந்தது. முடிந்ததும் பஸ் பிடித்து நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் சரியில்லை. கட்டுரை மறுபடியும் ஏரி பற்றித்தானாம். ஏரிப் பாசனக் கிராமங்களில் தண்ணீர் பங்கிடுவது ஆண்களின் வேலை, பெண்கள் மதகுப் பக்கம் வருவதில்லை என்று இரண்டாம் பத்தியில் இருந்ததாம். மாமனாருக்கு முட்டிவலி வந்த பிறகு, முறைத் தண்ணீருக்குப் போய் மடை திருப்புகிறவள் இவள்தான். போச்சு, கை மானாம்பதிக்குப் போயிருக்கும் என்றே நினைத்தேன்.

போகவில்லை. “‘இரண்டாம் பத்தியின்படி’ன்னு போட்டு, அப்டியே எழுதிட்டேன்” என்றாள். சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தவள், ‘உட்கார்’ என்று மட்டும் சொன்னேன். சொல்லிக்கொடுத்தது பலித்ததற்கு வருத்தப்பட்டது அன்று ஒருநாள்தான். அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“பொம்பளைங்க வர்றதில்லன்னு எழுதுன கையிலயே மம்முட்டி புடிச்சுக் காச்சுப்போன காப்பு கீது மேடம்.”

எந்த அலுவலகம்?

தேறிவிட்டாள். கட்டுரையில் நல்ல மார்க். மாமியார் எங்கள் தெருவுக்கே அதிரசம் கொடுத்தனுப்பினார். எனக்கு மட்டும் தனியாக ஒரு தூக்குச் சட்டி நிறைய வந்தது. சந்தோஷத்தில் எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அதிரசம் மட்டும் இறங்கியது.

துறை ஒதுக்கும்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அலுவலகம் இருந்ததாம். அதை விட்டுவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய பாசன அலுவலகத்தைக் கேட்டு வாங்கியிருந்தாள். உனக்குப் பைத்தியமா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவள் சிரித்தாள்.

“எந்த ஏரில யாரு தண்ணி வுடறாங்கன்னு அங்கதான் மேடம் எழுதி வெக்கறாங்க. அதப் பாத்துதான் புக்கு வருது, அந்த புக்குலேர்ந்துதான் நமக்குப் பத்தி வருது. மத்தவங்க ஆதாரம் எடுக்கற பத்திய இனிமே நான் எழுதறேன்.”

பத்திக்கு வெளியே ஒரு சொல்கூட எழுதாதே என்று வருஷக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியதற்கு, பத்தியையே மாற்றி எழுத ஒருத்தி கிளம்பிவிட்டாள். இதற்கு எத்தனை மார்க் போடுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.